மக்காச்சோள பியூச்சர்ஸ் பேக்டெஸ்ட்: இரண்டு தரவு, இரண்டு முடிவு. எதை நம்புவது?

விதைநெல் கேட்டது:

சிகாகோ மக்காச்சோள பியூச்சர்ஸில் (பின்னொரு மாதத்தில் தரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் காண்ட்ராக்டுகள்) பிரேக்அவுட் முறை ஒன்றைப் பைத்தானில் பேக்டெஸ்ட் செய்கிறேன், அதாவது கோடு (நிரல்) எழுதிப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கிறேன். விதி எளிதுதான். முந்தைய 20 நாள் உச்சத்துக்கு மேல் விலை முடிந்தால் வாங்குவது, 20 நாள் தாழ்வுக்குக் கீழ் முடிந்தால் விற்பது, எதிர்ப்பக்கம் 10 நாள் எல்லை உடைந்தால் வெளியேறுவது. கூடவே நுழைந்த விலையிலிருந்து 3% எதிராகப் போனால் வெளியேறும் ஸ்டாப்.

2005 முதல் 2024 வரை தினசரி தரவு இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று, ஒரு காண்ட்ராக்ட் முடிந்ததும் அடுத்ததை அப்படியே ஒட்டிய தொடர். இன்னொன்று, ரோலில், அதாவது முடியும் காண்ட்ராக்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது, வரும் விலை இடைவெளியைப் பழைய விலைகளில் சேர்த்துப் பின்னோக்கிச் சரிசெய்த தொடர். விதியும் காலமும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் நல்ல லாபம் காட்டுகிறது, மற்றதில் கமிஷன் போக ஒன்றும் மிஞ்சவில்லை. எதை எடுத்துக்கொள்வது? ரோல் எந்தத் தேதியில் வைப்பது? அமெரிக்க வேளாண் துறை அறிக்கை வரும் நாட்களில் ஸ்டாப் எந்த விலையில் நிறைவேறியதாகக் கணக்கிடுவது? இறுதிக் கையிருப்புக் கணிப்பையும் (வருட முடிவில் மிஞ்சும் சரக்கு), அமெரிக்க பியூச்சர்ஸ் கண்காணிப்பு அமைப்பான சிஎஃப்டிசி வாரந்தோறும் வெளியிடும் பொசிஷன் அறிக்கையையும் (யார் எவ்வளவு வாங்கி, விற்று வைத்திருக்கிறார்கள் என்பது) ஃபில்டராகச் சேர்க்கும் எண்ணம் உண்டு. அதில் கவனிக்க வேண்டியது என்ன?

---

டிசம்பர்_சோளம் பதில்:

லாபக் கணக்கை இரண்டிலும் போடாதீர்கள். ஒட்டிய தொடரில் இருக்கும் விலைகள் உண்மையானவை, ஆனால் ரோல் நாளில் வரும் தாவல் பொய். சரிசெய்த தொடரில் தாவல் கிடையாது, ஆனால் பழைய விலைகள் யாரும் வாங்கி விற்காத விலைகள். இந்த வித்தியாசம் தானியத்தில் மற்ற பல பியூச்சர்ஸைவிடப் பெரிதாக அடிக்கும். காரணம், ஜூலை காண்ட்ராக்ட் பழைய அறுவடையின் சரக்கு, டிசம்பர் புது அறுவடையின் சரக்கு. இரண்டுக்கும் விலை தனித்தனி.

2013ஐப் பாருங்கள். 2012 வறட்சியால் பழைய சரக்குக்குத் தட்டுப்பாடு, புது விளைச்சலோ நன்றாக வரும் என்ற எதிர்பார்ப்பு. அந்த ஜூனில் ஜூலை காண்ட்ராக்ட் டிசம்பரைவிட ஒரு டாலருக்கும் மேல் அதிக விலையில் இருந்தது. இடைவெளி 150 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காண்ட்ராக்ட் 5,000 புஷல் (அமெரிக்கத் தானிய அளவை), ஆக ஒரு சென்ட் நகர்ந்தால் 50 டாலர். ஒட்டிய தொடரில் ஒரே நாளில் 150 சென்ட் விழுந்ததாகத் தெரியும். ஷார்ட்டில் (விலை விழும் என்று விற்று வைத்த நிலையில்) இருக்கும் உங்கள் முறைக்கு 7,500 டாலர் லாபம் கணக்கில் ஏறும். அந்தப் பணத்தை உலகத்தில் யாரும் சம்பாதிக்கவில்லை. இப்படி நாலைந்து ரோல் போதும், கணக்கின் மதிப்பைக் காட்டும் மொத்த ஈக்விட்டி வரைகோடும் பொய்யாகிவிடும். உங்கள் "நல்ல லாபம்" இங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். சோதிப்பது சுலபம்: ரோல் நாட்களில் மட்டும் வந்த லாப நஷ்டத்தைத் தனியே கூட்டிப் பாருங்கள்.

சரிசெய்த தொடரில் குற்றவாளி உங்கள் 3% ஸ்டாப். மக்காச்சோளத்தில் சாதாரண வருடங்களில் தூர மாதம் கிட்ட மாதத்தைவிட விலை கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு ரோலிலும் அந்த வித்தியாசம் பழைய விலைகளின் மேல் ஏறிக்கொண்டே போகும். உண்மையில் 220 சென்ட்டில் இருந்த ஒரு நாள் தொடரில் 600 என்று தெரிந்தால், 3% ஸ்டாப் 6.6 சென்ட்டுக்குப் பதில் 18 சென்ட் ஆகிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம். சில சரக்குகளில் இது தலைகீழாகப் போய்ப் பழைய விலை சுழிக்கும் கீழே இறங்கும். அப்போது சதவீதக் கணக்குக்கே பொருள் இல்லை. 20 நாள் உச்சம், தாழ்வு போன்ற விதிகளுக்கு மட்டும் இந்தத் தொடர் பாதிப்பில்லை. எல்லா விலையும் ஒரே அளவு நகர்ந்திருப்பதால் ஒப்பீடு மாறாது.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு: ஒவ்வொரு காண்ட்ராக்டையும் தனிக் கோப்பாக வையுங்கள். எந்தத் தேதியில் எந்த மாதத்தைப் பிடித்திருக்கிறோம் என்பதற்கு ஒரு அட்டவணை. சிக்னலை சரிசெய்த தொடரில் எடுங்கள். லாப நஷ்டத்தை அன்று கையில் இருக்கும் காண்ட்ராக்டின் உண்மை விலையில் போடுங்கள்: இன்றைய செட்டில்மெண்ட் (எக்ஸ்சேஞ்ச் அறிவிக்கும் நாள் இறுதி விலை) கழித்தல் நேற்றைய செட்டில்மெண்ட், அதை 50 டாலரால் பெருக்கி, காண்ட்ராக்ட் எண்ணிக்கையால் பெருக்குவது. ரோல் நாளில் பழையதை விற்ற விலை, புதியதை வாங்கிய விலை, இரண்டுக்கும் கமிஷன், கூடவே கால் சென்ட் ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள நஷ்டம்). ஸ்டாப்பைச் சதவீதத்தில் வைக்காமல் ஏடிஆர் (சமீப நாட்களின் சராசரி தினசரி விலை நகர்வு) மடங்கில் வையுங்கள். ஏடிஆர் சென்ட் வித்தியாசத்தில் வருவதால் சரிசெய்த தொடரிலும் தனிக் காண்ட்ராக்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

ரோல் தேதி: மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், டிசம்பர் என்று ஐந்து மாதங்கள் உண்டு. செப்டம்பரை விட்டுவிடுங்கள். அது பழைய சரக்குக்கும் புதிதுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மாதம், ஆழமும் (வாங்க விற்க நிற்கும் ஆர்டர்களின் அளவு) குறைவு. ஜூலையிலிருந்து நேரே டிசம்பர். சோயாபீனில் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டையும் தாண்டி ஜூலையிலிருந்து நவம்பர். டெலிவரி நோட்டீஸ் தொடங்கும் முதல் நாள் என்பது டெலிவரி மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி வேலை நாள். அதற்குள் கண்டிப்பாக வெளியே வந்திருக்க வேண்டும். ஜூலை காண்ட்ராக்டுக்கு அது ஜூன் கடைசி, விதைப்புப் பரப்பு அறிக்கை வருவதும் அதே நேரம்தான். ஆகவே அந்த ரோலை ஜூன் நடுப்பகுதிக்கு முன்பே முடிப்பது நல்லது. பெரிய கமாடிட்டி இண்டெக்ஸ்கள் மாதத்தின் 5ஆவது முதல் 10ஆவது வேலை நாளுக்குள் ரோல் செய்கின்றன. அந்த நாட்களில் ஸ்ப்ரெட்டில் (இரண்டு மாதங்களின் விலை வித்தியாசத்தை வர்த்தகம் செய்வது) ஆள் நடமாட்டம் நிறைய. ஓபன் இன்ட்ரஸ்ட் (முடிக்கப்படாமல் நிற்கும் காண்ட்ராக்டுகளின் எண்ணிக்கை) அடுத்த மாதத்துக்கு மாறும் நாளில் ரோல் என்று விதி வைத்தால், அந்த எண் மறுநாள்தான் கிடைக்கும் என்பதைக் கோடில் ஒரு நாள் தள்ளி எழுதுங்கள்.

---

புஷல்5000 பதில்:

மேலே சொன்னதைச் செய்வதற்கு முன் தரவைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். தானிய விலை எட்டில் ஒரு பங்காக எழுதப்படும். திரையில் 452'6 என்றால் 452 முழு சென்ட், எட்டில் ஆறு பங்கு, அதாவது 452.75. சில கோப்புகளில் அந்த மேற்குறி புள்ளியாக மாறி 452.6 என்று வந்துவிடும். பார்ப்பதற்குச் சாதாரண விலை மாதிரியே இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மக்காச்சோளத்தின் டிக் (விலை நகரும் மிகச் சிறிய அளவு) கால் சென்ட், அதாவது 12.50 டாலர். ஆகவே விலையின் பின்னப் பகுதி 0, 0.25, 0.50, 0.75 என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எல்லா விலைக்கும் பின்னப் பகுதியை மட்டும் எண்ணிப் பாருங்கள். 0.2, 0.4, 0.6 எட்டிப் பார்த்தால் கோப்பு கெட்டுப்போயிருக்கிறது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. சந்தை சிகாகோ நேரம் மாலை 7 மணிக்குத் திறந்து மறுநாள் காலை 7:45 வரை ஓடும். பிறகு 8:30 முதல் மதியம் 1:20 வரை பகல் அமர்வு. மாலையில் தொடங்குவது மறுநாளின் வர்த்தகம். சில தரவு விற்பனையாளர்கள் ஞாயிறு மாலையைத் தனி நாளாகத் தருவார்கள். அப்படி இருந்தால் உங்கள் "20 நாள்" உண்மையில் 16, 17 நாள்தான். ஞாயிறு பாரை (ஒரு நாளின் திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு விலைகள் கொண்ட வரி) திங்களோடு சேர்த்துவிடுங்கள். நேரத்தை எப்போதும் சிகாகோ நேர மண்டலத்தில் வையுங்கள். இந்திய நேரத்திலோ சிங்கப்பூர் நேரத்திலோ சேமித்தால் மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு மணி நேரம் நழுவும்.

வர்த்தக நேரமும் 20 வருடமாக ஒன்றாக இருக்கவில்லை. 2006 ஆகஸ்டில்தான் பகல் நேர மின்னணு வர்த்தகம் வந்தது. 2012இலும் 2013இலும் நேரம் மாறியது. ஆகவே "திறப்பு விலை" என்ற பத்தியை 2005 முதல் 2024 வரை ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் இறுதி செட்டில்மெண்டில் ஓடும் உங்கள் முறைக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் "மறுநாள் திறப்பில் வாங்கு" என்று எழுதினால் அந்தத் திறப்பு மாலை 7 மணியா காலை 8:30 மணியா என்பதை முடிவு செய்ய வேண்டும். காலை 8:30 எடுங்கள், ஆழம் அங்கேதான். ஒரு டிக் எதிராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் நுழைந்தால் குறைந்தது இரண்டு.

செட்டில்மெண்ட் விலையிலேயே நுழைந்ததாகக் கணக்குப் போடுவதும் தவறு. அது 1:14 முதல் 1:15 வரையிலான ஒரு நிமிடத்தின் சராசரி. அது தெரிந்த பிறகு சந்தை ஐந்து நிமிடம்தான் திறந்திருக்கும்.

---

விதைநெல்:

ரோல் நாட்களைத் தனியே கூட்டினேன். ஒட்டிய தொடரின் லாபத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நன்றி. இனி அறிக்கை நாட்கள். தினசரி பாரில் ஸ்டாப் விலை அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே இருந்தால் அந்த விலையிலேயே நிறைவேறியதாக என் கோடு எடுத்துக்கொள்கிறது. அது சரியா?

---

வாஸ்டே_11மணி பதில்:

பெரும்பாலான நாட்களுக்குச் சரி. அறிக்கை நாட்களுக்குச் சரியில்லை. முறை உயிரோடு இருக்குமா என்பதைத் தீர்மானிப்பதே அந்தச் சில நாட்கள்தான்.

2013 மார்ச் 28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காலாண்டுக் கையிருப்பு அறிக்கையும் விதைப்பு உத்தேச அறிக்கையும் ஒரே நாளில். முந்தைய நாள் மே மக்காச்சோளம் 735 சென்ட் அளவில் முடிந்திருந்தது. அந்த ஜனவரி முதல் அறிக்கைகள் சிகாகோ நேரம் காலை 11 மணிக்கு, சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே வரத் தொடங்கியிருந்தன. கையிருப்பு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்ததும் விலை அன்றைய லிமிட்டான (ஒரு நாளில் விலை நகர எக்ஸ்சேஞ்ச் விடும் அதிகபட்ச அளவு) 40 சென்ட் முழுதும் விழுந்து அங்கேயே நின்றது. தினசரி பாரில் உச்சம் மேலே, தாழ்வு 40 சென்ட் கீழே. 715இல் விற்பனை ஸ்டாப் இருந்தால் உங்கள் கோடு "715இல் நிறைவேறியது" என்று சொல்லும். அறிக்கை விழுந்த நொடியில் விலை இடையில் நின்று நின்று இறங்காது, பாய்ந்துவிடும். லிமிட்டில் பூட்டிய பிறகு விற்பவர் வரிசை மட்டுமே இருக்கும், வாங்க ஆள் இருக்காது. மறுநாள் புனித வெள்ளி, சந்தை விடுமுறை. திங்கள், ஏப்ரல் 1 அன்று லிமிட் 60 சென்ட்டாக விரிந்தது, மேலும் 50 சென்ட்டுக்கு மேல் சரிந்தது. பேக்டெஸ்ட் 20 சென்ட் நஷ்டம் என்று எழுதும் இடத்தில் உண்மை நஷ்டம் அதைப்போல மூன்று, நான்கு மடங்காக இருந்திருக்கும்.

இதைக் கோடில் இப்படி எழுதலாம். அறிக்கை தேதிகளுக்கு ஒரு பட்டியல்: மாதாந்திர வாஸ்டே (அமெரிக்க வேளாண் துறையின் உற்பத்தி, தேவை, கையிருப்புக் கணிப்பு), ஜனவரி, மார்ச், ஜூன், செப்டம்பரில் காலாண்டுக் கையிருப்பு, மார்ச் கடைசியில் விதைப்பு உத்தேசம், ஜூன் கடைசியில் பரப்பு. அந்த நாளில் ஸ்டாப் அடிபட்டால் ஸ்டாப் விலையில் நிறைவேற்றாதீர்கள். நிமிடத் தரவு இருந்தால் 11:01க்குப் பிறகான முதல் பாரின் மோசமான முனையை எடுங்கள். தினசரி தரவு மட்டும் என்றால் ஸ்டாப்புக்கும் அன்றைய மோசமான முனைக்கும் நடுப்புள்ளி, சந்தேகமாக இருந்தால் மோசமான முனையே. 2013க்கு முந்தைய அறிக்கைகள் காலை 7:30க்கு வந்தன. அந்தக் காலத்துக்குப் பகல் அமர்வின் திறப்பு விலையில் நிறைவேற்றினால் போதும், பெரும்பாலும் அதுவே இடைவெளியைக் காட்டிவிடும்.

லிமிட்டுக்குத் தனி அட்டவணை வேண்டும். 2014 மே முதல் அது வருடம் இரண்டு முறை, மே தொடக்கத்திலும் நவம்பர் தொடக்கத்திலும், விலையை ஒட்டி மாற்றப்படுகிறது. அதற்கு முன் நிலையான சென்ட் அளவு, அதுவும் சில முறை மாற்றப்பட்டது. லிமிட்டில் முடிந்தால் அடுத்த நாள் 50% விரியும். விதி: நாளின் தாழ்வும் செட்டில்மெண்டும் ஒன்றாக இருந்து, அது முந்தைய செட்டில்மெண்ட் கழித்தல் லிமிட்டுக்குச் சமம் என்றால், பூட்டிய பிறகு வந்த எந்த விற்பனை ஆர்டரும் நிறைவேறவில்லை. மறுநாள் திறப்புக்குத் தள்ளுங்கள், மறுநாளும் பூட்டியிருந்தால் அதற்கும் மறுநாள். மேல்பக்கத்துக்கும் இதே விதி. 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு மார்ச் தொடக்கத்தில் சிகாகோ கோதுமை தொடர்ந்து பல நாள் மேல் லிமிட்டில் நின்றது. கோதுமையில் பிரேக்அவுட் வைத்திருப்பவர்களின் பேக்டெஸ்டில் அந்த வாரம் அழகாக இருக்கும். "வாங்கினேன்" என்று கோடு சொல்லும் நாட்களில் விற்க ஆளே இருந்திருக்காது.

இனி ஃபில்டர். கையிருப்புக் கணிப்பை இன்றைய தரவுத்தளத்திலிருந்து இறக்கினால், அதில் இருப்பது பலமுறை திருத்தப்பட்ட கடைசி எண். 2012 மே மாத வாஸ்டேயில் மக்காச்சோள விளைச்சல் ஏக்கருக்கு 166 புஷல் என்று கணிக்கப்பட்டது. ஜூலையில் 146, ஆகஸ்டில் 123.4. இப்போது தரவுத்தளத்தில் 2012க்கு எதிரே 123 சொச்சம் மட்டும் நிற்கும். அதை மே மாதத்துக்கே கொடுத்தால், வறட்சி தொடங்கும் முன்பே உங்கள் முறைக்கு வறட்சி தெரிந்திருக்கும். ஒவ்வொரு மாத அறிக்கையும் வெளியான அன்று இருந்த வடிவில் காப்பகத்தில் கிடைக்கிறது. கையால் தட்டினாலும் 20 வருடத்துக்கு 240 வரிதான். ஒவ்வொரு வரியிலும் வெளியான தேதியும் நேரமும் இருக்கட்டும். அரசு முடக்கத்தால் 2013 அக்டோபரிலும் 2019 ஜனவரியிலும் வாஸ்டே வெளிவரவே இல்லை. அந்த இடங்களில் முந்தைய மாத எண்ணே தொடர வேண்டும். முன் மாத எண்ணையும் பின் மாத எண்ணையும் நேர்கோட்டில் இணைத்து இடையை நிரப்பினால் அதுவும் எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பதுதான்.

சிஎஃப்டிசி அறிக்கையிலும் அதே பொறி. எண்கள் செவ்வாய்க்கிழமை நிலவரம், வெளியாவது வெள்ளி மதியம் அமெரிக்கக் கிழக்கு நேரம் 3:30. அப்போது தானியச் சந்தை மூடி ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும். கோப்பில் தேதி செவ்வாய் என்றுதான் இருக்கும், அதை அப்படியே இணைத்தால் நான்கைந்து நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அடுத்த திங்கள் வர்த்தகத்துக்கே பயன்படுத்துங்கள். விடுமுறை வாரத்தில் இன்னும் தள்ளும். மேனேஜ்டு மணி (ஃபண்டுகளின் பணம்) என்ற பிரிவு 2006 ஜூன் முதல்தான் உண்டு, அதற்கு முன் பழைய வடிவத்தில் கமர்ஷியல் (சரக்கைக் கையாளும் தொழில்கள்), நான்கமர்ஷியல் (மற்ற பெரிய வர்த்தகர்கள்) என்ற பிரிப்பு மட்டுமே. இரண்டையும் ஒட்டி ஒரே தொடர் ஆக்காதீர்கள்.

---

காலண்டர்_ஸ்ப்ரெட் பதில்:

தரவு சரியான பிறகு முடிவை எப்படிப் படிப்பது என்று யாரும் தொடவில்லை, அதனால் சேர்க்கிறேன்.

20 வருடத் தரவில் ஐயாயிரம் நாள் இருப்பது பெரிய மாதிரி போலத் தோன்றும். தானியத்தில் அலகு நாள் கிடையாது, அறுவடை வருடம்தான். மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31, கோதுமைக்கு ஜூன் 1 முதல் மே 31. உங்களிடம் இருப்பது சுமார் 20 அலகு. அதிலும் 2007-08, 2010-11, 2012, 2020-21 போன்ற சில வருடங்களில்தான் நீண்ட ஓட்டம் இருந்தது. 2014 இலையுதிர் காலம் முதல் 2020 கோடை வரை மக்காச்சோளம் பெரும்பாலும் 3 டாலருக்கும் நாலரை டாலருக்கும் நடுவே புரண்டது, பிரேக்அவுட் முறைகள் அங்கே தேய்ந்தன. ஆகவே ஒவ்வொரு அறுவடை வருடமாக எடுத்துவிட்டு மீதியில் ஓட்டுங்கள். 2012ஐ எடுத்ததும் மொத்த லாபமும் போய்விட்டால், உங்கள் கையில் இருப்பது ஒரு வறட்சியின் விளைவு. பயிற்சிக் காலம், சோதனைக் காலம் என்று பிரிக்கும்போதும் டிசம்பர் 31இல் வெட்டாமல் ஆகஸ்ட் 31இல் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே அறுவடை இரண்டு பக்கமும் கசியும்.

20, 10 என்ற எண்களைச் சுற்றி 15 முதல் 40 வரை எல்லாவற்றையும் ஓட்டுங்கள். 20இல் மட்டும் உச்சமாக, 18இலும் 23இலும் நஷ்டமாக வந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். பக்கத்து எண்கள் எல்லாம் சுமாராக ஒரே முடிவு தந்தால்தான் மேற்கொண்டு பேச விஷயம் உண்டு. அதே எண்களை மாற்றாமல் சோயாவிலும் கோதுமையிலும் ஓட்டிப் பார்ப்பது இதைவிடக் கடுமையான சோதனை. எனக்கு அதில் தேறாத முறை மேல் நம்பிக்கை வராது.

ஸ்ப்ரெட் பக்கம் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ஜூலை உச்சத்திலிருந்து டிசம்பர் உச்சத்தைக் கழித்து "ஸ்ப்ரெட் உச்சம்" என்று போடாதீர்கள். இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் வந்திருக்காது. செட்டில்மெண்ட்களை மட்டும் கழியுங்கள். சிகாகோ கோதுமையில் 2010இல் சேமிப்புக் கட்டணம் மாறும் முறை வந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் பியூச்சர்ஸ் விலை ரொக்க விலையோடு ஒட்டாமல் நின்ற பிரச்சினைக்கான தீர்வு அது. கட்டணம் ஏறினால் தூர மாதம் எவ்வளவு விலகலாம் என்ற எல்லையே மாறும். 2010க்கு முன், பின் என்று கோதுமை ஸ்ப்ரெட்டைத் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

---

விதைநெல்:

அறுவடை வருடக் கணக்கு இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியாக ஒன்று: கணக்கில் 50,000 டாலர், ஒரு வர்த்தகத்தில் 1% ரிஸ்க் என்று வைத்தால் பேக்டெஸ்டில் காண்ட்ராக்ட் எண்ணிக்கையைப் பின்னத்தில் விடலாமா?

---

புஷல்5000 பதில்:

விடாதீர்கள். ஏடிஆர் 8 சென்ட், ஸ்டாப் இரண்டு ஏடிஆர் என்றால் 16 சென்ட், ஒரு முழு காண்ட்ராக்டில் 800 டாலர். உங்கள் 1% 500 டாலர். ஆக பின்னத்தில் 0.625 என்று வரும், உண்மையில் வாங்கக் கூடியது சுழி. கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் உங்கள் பேக்டெஸ்டில் பாதி வர்த்தகம் காணாமல் போகும். குறிப்பாக ஜூன், ஜூலையில், வானிலையால் ஏடிஆர் வீங்கும் மாதங்களில். பெரிய லாபம் வருவதும் அந்த மாதங்களில்தான் என்பதால் முடிவு தலைகீழாக மாறலாம்.

1,000 புஷல் மினி காண்ட்ராக்டில் ஒரு சென்ட் 10 டாலர், 16 சென்ட் ஸ்டாப் 160 டாலர், மூன்று காண்ட்ராக்ட் கிடைக்கும். 500 புஷல் மைக்ரோ 2025இல் வந்தது, ஒரு சென்ட் 5 டாலர், ஆறு கிடைக்கும். சிக்னலையும் லாபக் கணக்கையும் பெரிய காண்ட்ராக்ட் விலையிலேயே வையுங்கள், அளவை மட்டும் சின்னதில் முழு எண்ணாகப் போடுங்கள். சின்னதில் ஆழம் குறைவு, ஆகவே ஸ்லிப்பேஜைப் பெரியதன் டிக்கில் வைக்காமல் ஒரு பக்கத்துக்கு அரை சென்ட் என்று வையுங்கள். புஷலுக்கு இவ்வளவு என்று பார்த்தால் கமிஷனும் சின்னதில் பல மடங்கு. இரண்டையும் கழித்த பிறகு வரும் ஈக்விட்டி வரைகோடுதான் உங்கள் கணக்குக்கு உரியது.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டம்) வழியாக வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் மார்ஜினுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதியில் இடம் இல்லை. உள்நாட்டிலும் கோதுமை, சோயாபீன் பியூச்சர்ஸை செபி 2021 டிசம்பரில் நிறுத்தியது. நிறுத்தப்பட்ட தேதிக்குப் பின் உள்நாட்டுத் தரவில் "கடைசி விலை" என்று தொடர்ந்து நிரப்பப்பட்ட வரிகள் இருந்தால் பேக்டெஸ்டுக்கு முன் அவற்றை நீக்கிவிடுங்கள்.